பெண் வீட்டார் வரும் கணவாய்: ஆரியங்காவு திருக்கல்யாண தரிசனம்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் இராஜகோபுர வாசலைக் கடப்பவரை எதிரிலிருந்து வரும் காற்று ஒரு கணம் தடுத்து நிறுத்தும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று சிறுவயதில் அத்தையிடம் கேட்டபோது, "சாஸ்தா வாசல்ல இருந்துய்யா" என்று மேற்கே மலையைக் காட்டினார்கள். செங்கோட்டைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே தாழ்ந்து வழிவிடும் இடமே ஆரியங்காவுக் கணவாய் என்பதையும், ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்துதான் குற்றாலத்துக்குச் சாரலையும் தென்காசிக்குக் குளிர்ந்த காற்றையும் கொண்டுவருகிறது என்பதையும் பின்னர் பாடமாகப் படித்தேன். ஆயினும் அத்தை சொன்ன விடையே என் மனத்தில் தங்கியிருக்கிறது. சென்ற மார்கழியில் அவர்களை அழைத்துக்கொண்டு ஆரியங்காவில் சாஸ்தாவாகிய ஐயனுக்கும் புஷ்கலா தேவிக்கும் நடக்கும் திருக்கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது, காற்று வரும் அந்த வாசலைத்தான் காணப் போகிறோம் என்ற எண்ணமே எனக்கு இருந்தது.

செங்கோட்டையைக் கடக்கும்போது அங்குள்ள பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றும் இருப்பதை அத்தைக்குக் காட்டினேன். காட்டத் தேவையே இல்லை. அவர்கள் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சீமையில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோதுதான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆகவே, இன்று நாம் மாநில எல்லை என்று சொல்லும் மலைமுகடு எங்கள் முன்னோருக்கு ஓர் எல்லையாகவே தோன்றியிருக்காது. அத்தையின் தகப்பனார், அதாவது என் தாத்தா, மாட்டு வண்டியில் அரிசியும் வற்றலும் ஏற்றிக்கொண்டு புனலூர் வரை சென்று, மிளகோடு திரும்பியவர். இறக்கத்தில் வண்டி மாடுகளைத் தள்ளிவிடாமல் இருக்க, பின்னால் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுத்துவருவார்களாம். கட்டை தரையில் உரசும் ஓசையைக் கேட்டே அடுத்த வளைவில் வண்டி வருவதை மற்றவர்கள் அறிவார்களாம்.

புளியரையில் சற்று நேரம் நின்றோம். தில்லை நடராசர் திருமேனியை ஆபத்துக் காலத்தில் இங்கே ஒரு புளியமரப் பொந்தில் மறைத்து வைத்துக் காத்தனர் என்றும், 'புளி அறை' என்பதே ஊரின் பெயராயிற்று என்றும் இவ்வூர் மக்கள் சொல்வார்கள். சிதம்பரத்துப் பெருமானே அடைக்கலம் தேடி வந்த மலையடிவாரம் என்று எண்ணும்போது இவ்வழியின் மீது தனி மதிப்பு பிறக்கிறது.

புளியரையைத் தாண்டிய உடனே ஏற்றம் தொடங்குகிறது. வைக்கோல் பாரமும் காய்கறி மூட்டைகளும் ஏற்றிய லாரிகள் கொண்டையூசி வளைவுகளில் மெல்ல ஏறின. ஏற்றம் முடியும் முகட்டில் கோட்டைவாசல் இருக்கிறது. பெயரில் கோட்டை இருந்தாலும், இன்று அங்கே காவல் காப்பவர் கருப்பசாமிதான். எங்களுக்கு முன்னால் சென்ற லாரி ஓரமாக நின்றது. ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தேங்காய் உடைத்து, திருநீற்றை நெற்றியில் மட்டுமின்றி வண்டியின் முகப்பிலும் பூசினார். "ஏய்யா, கருப்பன்கிட்டச் சொல்லாம மலை எறங்கப்படாது" என்று அத்தையும் காரை நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் நின்று வணங்கிய இடத்துக்குக் கீழே, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் புகைவண்டி செல்கிறது.

இந்தக் கணவாயின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் புகைவண்டியிலிருந்துதான் தொடங்குவார்கள். புனலூரில் கல்லடையாற்றின் மீது 1877-ல் தொங்கு பாலம் கட்டி முடிக்கப்பட்டது, கொல்லம் செங்கோட்டை இருப்புப்பாதை 1904-ல் திறக்கப்பட்டது, கழுதுருட்டிக்கு அருகில் 13 வளைவுகளோடு கருங்கல் பாலம் எழுந்தது, மீட்டர் கேஜ் ஓட்டம் 2010-ல் நின்று 2018-ல் அகலப்பாதையில் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின என்று ஆண்டுகளை அடுக்கிக்கொண்டே போகலாம். அவை யாவும் பெருமைக்குரியவைதாம். ஆனால் பாலமும் தண்டவாளமும் வருவதற்கு முன்பே மனிதர்கள் இந்த வழியை நடந்து நடந்து உண்டாக்கியிருந்தார்கள். அவர்கள் எதற்காக நடந்தார்கள், எதை அஞ்சினார்கள், யாரை நம்பினார்கள் என்பதை ஆரியங்காவு ஐயன் கோயில் தவிர வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

கோயில் சாலை மட்டத்துக்குக் கீழே அமைந்திருக்கிறது. பல மலைக்கோயில்களில் ஏறிச் சென்று வணங்கிய கால்கள் இங்கே படிகளில் இறங்கிச் செல்லவேண்டும். குளத்துப்புழையில் பாலகனாகவும், ஆரியங்காவில் இளைஞனாகவும், அச்சன்கோவிலில் பூரணா புஷ்கலா சமேத இல்லறத்தானாகவும், சபரிமலையில் தவக்கோலத்திலும் ஐயன் விளங்குகிறான் என்பது மரபு. இங்கே கருவறையில் அவன் மதயானையை அடக்கிய கோலத்தில் அமர்ந்திருக்க, ஒருபுறம் புஷ்கலா தேவியும் மறுபுறம் சிவபெருமானும் விளங்குகிறார்கள். அந்த யானைக்கும் தேவிக்கும் பின்னால்தான் கணவாயின் கதை இருக்கிறது.

மதுரையிலிருந்து சௌராஷ்டிர வணிகர் ஒருவர் திருவிதாங்கூர் மன்னருக்கு விற்பதற்காகப் பட்டாடைகளோடு இவ்வழியே வந்தார். உடன் அவர் மகள் புஷ்கலையும் வந்தாள். ஆரியங்காவை அடைந்தபோது, மேற்கொண்டு காட்டு வழியில் பெண்ணை அழைத்துச் செல்ல அஞ்சி, கோயிலின் தலைமை அர்ச்சகரான மேல்சாந்தியின் வீட்டில் விட்டுச் சென்றார். அவள் ஐயனுக்கு மாலை தொடுத்து வந்தாள். மன்னரைக் கண்டு திரும்பும் வழியில் மதயானை ஒன்று வணிகரைத் துரத்த, வேடனைப்போல வந்த ஓர் இளைஞன் அதை அடக்கினான். நன்றிப்பெருக்கில் வணிகர் கையில் இருந்த பட்டை அவனுக்குக் கொடுத்தார். அதை அணிந்துகொண்டு, எப்படி இருக்கிறேன் என்று அவன் கேட்க, மாப்பிள்ளை போல் இருக்கிறாய் என்றார் அவர். அப்படியானால் உங்கள் மகளைத் தருவீர்களா என்றான் இளைஞன். ஆரியங்காவு திரும்பிய வணிகர் மகளைத் தேடினார், காணவில்லை. கருவறைக் கதவு திறந்தபோது, தாம் கொடுத்த பட்டு ஐயனின் திருமேனியில் இருந்தது. மகள் அவனோடு கலந்துவிட்டாள் என்று உணர்ந்தார்.

இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருந்தும், கோட்டைவாசலைக் கடந்து காட்டின் நடுவே இறங்கி வந்த பிறகு கேட்கும்போதுதான் அதிலுள்ள அச்சம் எனக்குப் புரிந்தது. இதற்கு மேல் பெண்பிள்ளையை அழைத்துச் செல்ல முடியாது என்று ஒரு தகப்பன் முடிவெடுக்கும் இடம் இது. அவர் நம்பி விட்டுச் சென்றது முன்பின் அறியாத, வேறு மொழி பேசும் ஒரு குடும்பத்தில்.

அந்த நம்பிக்கையை இன்றுவரை இரு தரப்பாரும் காத்து வருகிறார்கள். மண்டல பூசைக்கு முன்னதாக நடைபெறும் திருக்கல்யாணத்துக்கு மதுரைப் பகுதியிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வருகிறார்கள். கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வத்தார் மாப்பிள்ளை வீட்டாராக நின்று, வந்தவர்களைச் சம்பந்திகளாக வரவேற்கிறார்கள். மாம்பழத்துறை பகவதி கோயிலிலிருந்து தேவி ஜோதி வடிவில் அழைத்து வரப்படுகிறாள். நிச்சயதார்த்தச் சடங்குக்குப் 'பாண்டியன் முடிப்பு' என்று பெயர். பாண்டி நாட்டுப் பெண்ணுக்கு மலைநாட்டில் நடக்கும் நிச்சயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

சீர்வரிசை புறப்படுவதற்கு முன் ஓர் அம்மையார் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மஞ்சள், குங்குமம், பழங்கள், வெற்றிலை பாக்கு ஆகியவற்றின் நடுவே மடித்து வைத்த பட்டு. அதன் சரிகைக் கரை உள்பக்கமாக மடிந்திருந்தது. தட்டை மடியில் வைத்து, பட்டைப் பிரித்து, கரை வெளியே தெரியும்படி மீண்டும் மடித்து, விரல் நுனியால் நீவினார்கள். அவ்வளவு பொறுமையாக அவர்கள் செய்வதைப் பார்த்து, "நீங்கள் நெசவுக் குடும்பமா, அம்மா?" என்று கேட்டேன். "தாத்தா காலம் வரைக்கும் தறி இருந்துச்சு தம்பி. இப்போ தறி இல்ல. ஆனா பொண்ணுக்குப் பட்டு கொண்டுவராம இருக்க முடியுமா?" என்றார்கள். அத்தை அவர்கள் அருகில் அமர்ந்து, கேளாமலே தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வழியே மார்கழித் தொடக்கத்தில் எதிர்த் திசையிலும் ஓர் ஊர்வலம் வருகிறது. அச்சன்கோவில் ஐயனின் திருவாபரணங்கள் புனலூரிலிருந்து ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாக, துப்பாக்கி ஏந்திய காவலர்கள் உடன்வர, அச்சன்கோவிலுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. கேரளத்துக் கோயிலின் நகைகள் கேரளத்துக் கோயிலுக்கே போகும் வழியில் தென்காசியில் நின்று, எங்கள் மக்களின் வரவேற்பைப் பெற்றுச் செல்கின்றன. சிறுவயதில் தகப்பனாரின் தோளில் அமர்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்ததை அத்தை இன்றும் சொல்வார்கள்.

அன்று இரவு விளக்கொளியில் பட்டும் சீரும் சந்நிதியை நோக்கிச் சென்றபோது, தமிழும் மலையாளமும் சௌராஷ்டிரமுமாக எழுந்த சரண கோஷத்தில் எந்தக் குரல் எந்த மொழியென்று பிரித்தறிய முடியவில்லை. நெரிசலில் அத்தையால் சந்நிதிக்கு நேராக வர இயலவில்லை; தூணைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, தீபாராதனையின் வெளிச்சத்தை மட்டும் கண்டார்கள். வருந்துவார்களோ என்று அஞ்சினேன். கண்களைத் துடைத்துக்கொண்டு, "அவ மொகம் தெரிஞ்சுதுய்யா" என்றார்கள்.

திரும்பும்போது அந்த அம்மையார் அத்தையின் கையில் குங்குமமும் ஒரு முழம் பூவும் கொடுத்து, மதுரைக்கு வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரவேண்டும் என்று அழைத்தார்கள். கார் மீண்டும் கோட்டைவாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டைக் கடந்திருந்தது. அத்தை இறங்கி, பூவில் பாதியைக் கிள்ளிக் கருப்பசாமியின் முன்னே வைத்தார்கள். மீதியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்கள். கீழே செங்கோட்டை விளக்குகள் தெரிந்தன.