மின்கிதார் இல்லாத பங்க்: டிராப்கிக் மர்ஃபிஸும் வுடி கத்ரியும்

டிராப்கிக் மர்ஃபிஸ், 1996இல் பாஸ்டனை ஒட்டிய குவின்சியில் உருவான பங்க் குழு; பங்க் என்பது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் வகை. ஐரிஷ் மெட்டு, மின்கிதார் இரைச்சல், தொழிற்சங்கப் பற்று மூன்றும் சேர்ந்ததுதான் அவர்கள் இசை. 2022 செப்டம்பரில் வந்த ‘திஸ் மெஷின் ஸ்டில் கில்ஸ் ஃபாசிஸ்ட்ஸ்’ ஆல்பத்தில் மின்கிதாரை ஓரங்கட்டிவிட்டார்கள். பத்துப் பாட்டும் அகவுஸ்டிக், அதாவது மின்பெருக்கம் இல்லாத வாத்தியங்களில். வரிகள் இத்தனை தெளிவாகக் காதில் விழுவதற்கு அதுதான் காரணம்.

வரிகள் 1967இல் மறைந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியுடையவை. பாசிஸ்டுகளைக் கொல்லும் இயந்திரம் என்று தன் கிதாரிலேயே எழுதி வைத்திருந்தவர். ஆல்பத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. வரி மட்டும் இருந்து மெட்டில்லாத பாடல்களை அவர் ஏராளமாக விட்டுச் சென்றார். மகள் நோரா கத்ரி அந்தக் காகிதங்களைக் குழுவுக்குத் திறந்துவிட்டார். குழுவின் பழைய புகழ்பெற்ற பாட்டான ‘ஐம் ஷிப்பிங் அப் டு பாஸ்டன்’ வரிகளும் அங்கிருந்து வந்தவையே. ஒலிப்பதிவு கத்ரி பிறந்த ஓக்லஹோமாவில், டல்சா நகரில். தயாரிப்பு டெட் ஹட். பாடகர் ஆல் பார் தாயைப் பார்த்துக்கொள்ள விலகியிருந்ததால் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் கேசியே முன்னணியில் பாடுகிறார்.

எல்லாப் பாட்டும் அரசியல் இல்லை. குடியைப் பற்றியும் சூதாட்டத்தைப் பற்றியும் உண்டு. ‘ஆல் யூ ஃபோனீஸ்’, ‘டென் டைம்ஸ் மோர்’ இரண்டையும் முதலில் கேளுங்கள்.

இந்த ஒலியை முயல்பவர்கள் முதலில் சறுக்குவது டிரம்ஸில். மின்கிதாரின் டிஸ்டார்ஷன் (கரகரப்பொலி) சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அகவுஸ்டிக் சுரம் உடனே தேய்ந்துவிடும். அந்த இடைவெளியில் ஸ்னேர் டிரம்மின் கூர்மையான அடி ஏறி உட்கார்ந்து வார்த்தையை விழுங்கும். குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிக்கட்டு போதும். கிதாரில் எட்டாம் பங்குத் தாளத்தை விடாமல் அடிக்க வேண்டும். மைக்கைக் கிதாரின் ஒலித்துளைக்கு நேராக வைத்தால் கும்மென்று அடைக்கும். கிதார் கழுத்தின் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேரே, 20 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். கூட்டுக்குரலில் வரி முடிவின் ‘ஸ்’ ஒலியை ஒருவர் மட்டும் உச்சரித்து மற்றவர்கள் விழுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஐந்து பேரின் ‘ஸ்’ ஐந்து இடத்தில் சிதறி, முழக்கத்தின் கூர் மழுங்கிவிடும்.

ஆல்பத்தின் உச்சம் கடைசிப் பாட்டான ‘டிக் எ ஹோல்’. கத்ரியின் பழைய ஒலிப்பதிவுக் குரலோடு குழு சேர்ந்து வாசிக்கிறது. இப்படிச் சேர்ப்பது எளிதல்ல. பழைய தட்டுகள் ஓடும் வேகம் சற்றுப் பிசகினாலும் சுருதி இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு மேலோ கீழோ நகர்ந்துவிடும். பான்ஜோ, ஃபிடில், கிதார் மூன்றையும் குரலுக்கேற்பத் திருகிச் சேர்த்துவிடலாம்; அக்கார்டியனையும் ஹார்மோனிகாவையும் அப்படி இசைக்க முடியாது. அவை பாட்டில் இருந்தால் குரல் பதிவு ஓடும் வேகத்தைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும். தாளமும் சீராக இராது. அந்தக் காலத்தில் காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலி ஏது! ஒவ்வொரு தாளக்கட்டையும் தனித்தனியே அளந்து, குழுதான் குரலின் பின்னால் போக வேண்டும். குரலை வெட்டிச் சீரான தாளக் கட்டத்துக்குள் அடைத்தால் கத்ரி செத்துப்போவார்.

அதே அமர்வுகளில் பதிவான மற்ற பாட்டுகள் 2023 மே மாதம் ‘ஓகீமா ரைசிங்’ என்று வந்தன. ஓகீமா, கத்ரி பிறந்த ஊர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு.