கிளிநொச்சி வெயிலில் பாண் போடப் படித்தது

"பாண் போடுறதுக்கும் ஒரு படிப்போ?" என்று அம்மா கேட்டா. அவவிலும் பிழை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் அது இரவிரவாகப் பாண் வேகிற போறணைக்கு முன்னால் வேர்வை வழிய நிற்கிற ஆம்பிளைகளின் வேலை, பேக்கரியை அம்மா இன்றைக்கும் வெதுப்பகம் என்றுதான் சொல்லுவா. ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) முடித்து இரண்டு வருசம் வீட்டில் இருந்த நான், தொழிற்பயிற்சி நிலையத்தில் பேக்கரி பாடநெறிக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்தில் ஏன் இது என்று கேட்டார்கள், கேக் அடிக்க விருப்பம் என்றேன். சேர் சிரித்தார்.

ஏன் சிரித்தார் என்று பிறகு விளங்கியது. முதல் மூன்று கிழமை கேக்கைக் கண்ணாலும் காணவில்லை, தராசுதான். பேக்கரிக் கணக்கில் மா எப்போதும் 100 வீதம், மற்ற எல்லாம் மாவின் நிறையை வைத்துத்தான். தண்ணீர் 60 வீதம், உப்பு 2 வீதம் என்றால் 10 கிலோ மாவுக்கு 6 லீற்றர் தண்ணீர், 200 கிராம் உப்பு. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் நிற்க வேண்டும், ஆனால் வேகும்போது நீர் போய் நிறை குறையும் என்பதால் குழைத்த மாவை 500 கிராமுக்குக் கிட்ட வெட்ட வேண்டும். வீட்டில் கைக்கணக்கில் சமைத்துப் பழகின எனக்கு இது பெரிய கரைச்சல்.

அதைவிடப் பெரிய கரைச்சல் வெயில். குறிப்பில் ஒரு மணித்தியாலம் பொங்க விடு என்று இருக்கும், சித்திரை மாத மத்தியானத்தில் அரை மணித்தியாலத்திலேயே மா பாத்திரத்துக்கு வெளியே வந்து நிற்கும். தொட்டித் தண்ணீரே சுடும். ஒருநாள் எழுதியிருந்தபடி ஒரு மணித்தியாலமும் விட்டேன், புளித்த மணத்தோடு நடுவில் குழி விழுந்து கிடந்தது, அவ்வளவும் வீண். சேர் ஏசவில்லை. "மணிக்கூட்டைப் பாக்காதையும் பிள்ளை" என்று சொல்லி, அடுத்த மாவில் விரலால் ஒருக்கா அமத்திக் காட்டினார். பள்ளம் உடனே மேலே வந்தால் இன்னும் காணாது, மெல்ல மெல்ல வந்தால் போறணைக்குப் போகலாம், அப்படியே கிடந்தால் கை மீறிவிட்டது. அன்றிலிருந்து ஐஸ் தண்ணீரில்தான் குழைத்தோம். மாவுக்குள் மாஜரின் வைத்து மடிக்கிற பவ் பேஸ்ரிக்கு விடிய ஆறு மணிக்கே வரச் சொன்னார், மூன்றாக மடிக்கிற மடிப்பை நாலு தரம் போட்டால் 81 அடுக்கு வரும், ஆனால் பத்து மணிக்குப் பிறகு மாஜரின் உருகி அடுக்கெல்லாம் ஒட்டிவிடும்.

பிறகு ஆறு மாதம் ஒரு பேக்கரியில் வேலைப் பயிற்சி. இரவு வேலைக்கு வீட்டில் விடவில்லை, பகலில் போனால் ஒரு மாதம் தட்டுக் கழுவினதுதான் மிச்சம். பயிற்சிப் பதிவேட்டில் முதலாளியின் கையெழுத்து வாங்கவே நாயாய் அலைந்தேன். போகிறவர்கள் கிழமைக்குக் கிழமை வாங்கி வையுங்கோ, கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று இருக்க வேண்டாம்.

இறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். ரீ பணிஸ் போடச் சொல்லி, ஈஸ்டையும் உப்பையும் ஏன் ஒன்றாகக் குவிக்கவில்லை என்று கேட்டார். உப்பு நேரே பட்டால் ஈஸ்ட் சோர்ந்து போகும் என்றேன். பிறகு அவரும் மாவை விரலால் அமத்திப் பார்த்தார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளம் மெல்ல மெல்ல மேலே வந்தது.

என்விகியூ 4 (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், நாலாம் மட்டம்) கிடைத்துவிட்டது. இப்போது வீட்டில் ஓடருக்குச் செய்கிறேன், கேக்கை விடப் பணிஸைத்தான் கூடக் கேட்கிறார்கள்.