பாத்ரூம் கண்ணாடி: எந்தச் சுவரு, எந்தப் பசை?

ராயபுரம், காசிமேடு பக்கம் ஒட்டினாப்ல கட்டின வீடுங்க. பாத்ரூமுக்குப் பகல் வெளிச்சம்னா வென்டிலேட்டர் மட்டும்தான். அதுக்கு எதிர்ச் சுவத்துல கண்ணாடி மாட்டினா ரூம் பளிச்னு ஆயிடும். ஆனா ஷேவிங் பண்றப்ப வெளிச்சம் முதுகுப் பக்கம், மூஞ்சி இருட்டு. பக்கவாட்டுச் சுவருதான் சரி.

5 மி.மீ. கனம், ஓரம் பாலிஷ் போட்டது வாங்குங்க. ஒட்ட ஆசிட் கக்காத நியூட்ரல் சிலிகான் பசை. வினிகர் வாடை அடிக்கிறது வேணவே வேணாம்! அந்த ஆசிட் பின்பக்க வெள்ளிப் பூச்சை அரிச்சிடும், ஓரத்துல கறுப்பு கறுப்பா புள்ளி விழும். நம்ம ஏரியாவுல உப்புக் காத்து வேற. சிலிகானை மொத்தமா அப்பாம மேலிருந்து கீழா கோடு கோடா போடுங்க, இறங்குற தண்ணி நடுவுல தேங்காது. அடி ஓரம் பேசின்லேர்ந்து நாலு விரக்கடை மேலேயே நிக்கட்டும். பசை காயற வரைக்கும் கண்ணாடி நழுவாம ஒட்டுற டேப்பை ஒரு நாள் கழிச்சுதான் பிரிக்கணும்.