கூண்டுக் கோழிக்கும் உரிமை உண்டா?

2015ஆம் ஆண்டு பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தது. அதே ஆண்டில்தான் மலேசிய நாடாளுமன்றம் விலங்குநலச் சட்டத்தையும் நிறைவேற்றியது. விலங்கைக் கொடுமைப்படுத்துபவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது இடமளிக்கிறது. தண்டனை கடுமையானதுதான். ஆயினும், சந்தையில் இறக்கையை விரிக்கவும் இடமின்றி, ஒன்றன் முதுகை ஒன்று மிதித்தபடி கம்பிக் கூண்டில் நிற்கும் கோழிகளுக்கு முன்னால் கூசாமல் பேரம் பேசும் நாம்தான், பூனைக்குட்டியை உதைத்தவனின் காணொளியைக் கண்டு கொதிக்கிறோம். நான் சைவன் அல்லன் (தைப்பூச விரத நாள்கள் நீங்கலாக). இறைச்சியை விடுமாறு எவரையும் கேட்கவுமில்லை. அறுபடும்வரை அக்கோழிக்கு நிற்க இடமும் குடிக்க நீரும் கிடைக்குமானால், கிலோவுக்கு ஓரிரு ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.