மழையில் நகஜிமா

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 1989 அடிலெய்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பேய் மழை. முன்னால் போகிற கார் தெரியவில்லை, புகை மாதிரி தண்ணீர்தான். மழையில் கில்லாடியான பிரேசில் ஓட்டுநர் சென்னாவே முன்னால் போன காரில் மோதி வெளியேறிவிட்டார். ஜப்பான் ஓட்டுநர் சதோரு நகஜிமா 23வது இடத்தில் கிளம்பி, முதல் சுற்றிலேயே சுழன்று கடைசிக்குப் போனவர். அப்புறம் ஒவ்வொருவராகத் தாண்டி நான்காவதாக வந்தார். அன்றைய அதிவேகச் சுற்றும் அவருடையதுதான். அதுவும் அவர் காரில் இருந்த அந்தச் சுமாரான ஜட் இன்ஜினை வைத்துக்கொண்டு!

மனிதர் ஃபார்முலா ஒன்னுக்கு வந்ததே 1987இல், 34 வயதில். அதற்குள் ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்ப்படியான ஃபார்முலா டூவில், ஜப்பான் தொடரில் ஐந்து முறை சாம்பியன், சொந்தமாக ஒரு அணி வேறு. 1991இல் ஓய்வு பெற்று அந்த அணியைக் கவனிக்கப் போய்விட்டார். ஃபார்முலா ஒன்னில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து பரிசு மேடையே ஏறாதவர் என்று நக்கலடிக்கிறவர்கள் இந்த மழையை ஒருமுறை பார்க்கட்டும்.