புள்ளியைத் தேடுகிறவர்கள்

கைத்துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே உயர்த்திய பின்பும், பக்கத்துத் தடத்தில் நின்றவர் அதன் மேலிருந்த சிறு கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளியைக் காணாமல் குழல்முனையை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார்.

டெக்சாஸின் சுடுதளங்களில், ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறிபார்க்க உதவும் சிறு கண்ணாடிக் கருவி) பொருத்திய பிஸ்டலுக்குப் புதிதாக மாறுகிறவர்களிடம் இது வழக்கமான காட்சிதான்.

புள்ளி எங்கும் போய்விடவில்லை. மணிக்கட்டு சற்றே நிமிர்ந்து குழல் மேல்நோக்கியிருந்ததால், அது கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டியிருந்தது.

துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் வழக்கமான இரும்புக் குறிகளில் முன்குறியைக் கூர்ந்து பார்த்து, அதைப் பின்குறியின் பள்ளத்தில் சமமாக நிறுத்த வேண்டும். இலக்கு மங்கலாகத்தான் தெரியும். ரெட் டாட்டிலோ பார்வை இலக்கின் மீதே நிலைத்திருக்க வேண்டும். எல்.இ.டி. ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஏறக்குறைய இணைக்கதிர்களாகக் கண்ணை வந்தடைவதால், புள்ளி இலக்கின் மீதே மிதப்பதுபோல் தோன்றுகிறது. அது கண்ணாடியின் நடுவில் இல்லாமல் ஓரமாக நின்றாலும் குண்டு பெரிதாக விலகுவதில்லை. புள்ளியை நடுவுக்குக் கொண்டுவரப் போராடுவது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

3 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுள்ள புள்ளி 25 கஜத்தில் சுமார் முக்கால் அங்குலத்தைத்தான் மறைக்கும் என்பதால் கையின் சிறு நடுக்கமும் அதில் தெரிந்துவிடுகிறது. அந்த நடுக்கம் எவருக்கும் உண்டு; அது ஓயும் நொடிக்காகக் காத்திருந்து விசையை வெடுக்கென்று இழுப்பதால்தான் குண்டு கீழே போகிறது.

ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளிலோ இந்தப் புள்ளிக்கே அனுமதியில்லை. 2024 பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றதும் கண்ணாடியில்லாத திறந்த குறிகளைக் கொண்டுதான்.