அம்மாவின் சுங்குடிப் புடவையில் மகளுக்கு ஒரு பாவாடை

ஆடி மாதம் மதுரைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது பீரோவின் அடித்தட்டில் அந்தப் புடவை கண்ணில் பட்டது. அரக்கு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை. நான் ஐந்தாவது படித்த வருஷம் தீபாவளிக்கு அப்பா எடுத்து வந்த சுங்குடி. அம்மா அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றால் கூட்டத்தில் தேடவே வேண்டாம். “அது நைஞ்சு போச்சுடி, கரித்துணிக்குத்தான் ஆகும்” என்றார். எனக்கு மனசு வரவில்லை. பையில் வைத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏழு வயது மகளுக்குப் பாவாடை சட்டை தைத்துவிடலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். தலையணை உறை, நைட்டி தவிர நான் வேறெதுவும் தைத்ததில்லை.

கிளம்புவதற்கு முன் விளக்குத்தூண் பக்கம் ஒரு சுற்று போனேன். சின்ன வயதில் துணி எடுத்தால் நேரே புது மண்டபம்தான். யாளித் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்கள். அளவு கொடுத்துவிட்டு மீனாட்சியைக் கும்பிட்டு வருவதற்குள் பாவாடை தயாராகிவிடும். இப்போது அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அதனால் பத்துத்தூண் சந்தில் ஒரு கட்பீஸ் கடையில் நுழைந்தேன். குவியலின் அடியில் மாம்பழ மஞ்சளில் மங்களகிரிப் பருத்தித் துண்டு ஒன்று, முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட, 110 ரூபாய். அரக்குக்கு அந்த மஞ்சளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வந்த சந்தோஷம் புதுப் பட்டு எடுத்தபோதுகூட வந்ததில்லை. லைனிங்குக்கு மல் துணி இரண்டு மீட்டர் சேர்த்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலை புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுதான். கொசுவம் வரும் இடத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் சல்லடை மாதிரி இருந்தது. உள்சுற்றும் முந்தியும் நன்றாகவே இருந்தன. நைந்த பகுதியை நூலால் அடையாளம் போட்டு ஒதுக்கினேன். மீதியை வடிகஞ்சியில் முக்கிக் காயவைத்து இஸ்திரி போட்டேன். கஞ்சி ஏறினால்தான் பழைய பருத்தி கத்திரிக்கோலுக்குப் பிடி கொடுக்கிறது. இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

வெட்டும்போதுதான் சுங்குடியின் அருமை புரிந்தது. துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, அப்புறம் கட்டை அவிழ்ப்பார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடையில் பார்ப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்தது. புள்ளிகள் கோடு போட்ட மாதிரி நிற்கும். அம்மாவின் புடவையில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இல்லை. வரிசையும் மெல்ல மேலே ஏறி இறங்குகிறது. அதை நம்பி வெட்டினால் பாவாடை கோணிவிடும். அதனால் துணியின் ஓரத்தில் சின்னதாக வெட்டி, ஒரே ஒரு இழையை உருவி எடுத்தேன். இழை போன தடத்தில் மெல்லிய கோடு விழுகிறது. அந்தக் கோட்டிலேயே கத்திரி போட்டேன். இரண்டு மீட்டர் நீளத்துக்கு இழை உருவ ஒரு மதியம் முழுக்க ஆனது. ஒவ்வொரு புள்ளியையும் ஒருத்தர் உட்கார்ந்து விரலால் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே உருவினதில் அலுப்புத் தெரியவில்லை.

அளவு இப்படி. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 27 அங்குலம். “வளர்ற பிள்ளைக்கு மடிப்பு வைக்காம தைக்காதடி” என்று அம்மா போனில் சொன்னதால் ஓர் அங்குல மடிப்பு இரண்டு. ஒன்றுக்கு இரண்டு அங்குலத் துணி போகும், ஆக நான்கு. மேல் தையலுக்கு ஒன்று. மொத்தம் 32. புடவைக் கரையே பாவாடைக்கு அடிக்கரையாக வருவதால் கீழே மடித்துத் தைக்கும் வேலை இல்லை.

மெஷின் எனக்குச் சீராக வந்த கால்மெஷின். ஒரு வருஷமாகத் தொடவில்லை. தோல் பெல்ட் தொய்ந்து சக்கரம் சுற்றவில்லை. அரை அங்குலம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டினேன். ஓடத் தொடங்கியதும் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டது. அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் முதலில் கழற்றி கழற்றிப் பார்த்தேன், தவறு மேல்நூலில் இருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துக்கால் கீழே இறங்கியிருக்கும்போது நூல் கோர்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் இறுக்கம் கொடுக்கும் தட்டுகளுக்கு நடுவே நூல் போய் உட்காராது. அழுத்துக்காலைத் தூக்கிவிட்டு மறுபடி கோர்த்தேன், சரியாகிவிட்டது.

அடுத்த சிக்கல் மனசை வருத்தியது. பக்கத் தையலைப் பொடிப்பொடியாகப் போட்டால் உறுதியாக இருக்கும் என்று நினைத்து தடித்த 18-ஆம் எண் ஊசியில் தைத்தேன். லேசாக இழுத்துப் பார்த்தேன், தபால் தலையைக் கிழிப்பதுபோல் தையலோடு பிரிந்து வந்துவிட்டது. அப்பா வாங்கித் தந்த புடவையாயிற்றே என்று அன்றைக்கு மெஷினை மூடிவிட்டேன். மறுநாள் அதைவிட மெல்லிய 14-ஆம் எண் ஊசி மாட்டி, தையலைக் கொஞ்சம் நீளமாக்கி, பின்னால் மல் துணியைச் சேர்த்துப் பிடித்துத் தைத்தேன். நிற்கிறது. பழைய துணியில் ஓட்டை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கொசுவம் பிடிப்பதற்கு மூன்று நாள். பாவாடை நழுவாமல் இருக்க மேலே பாடி (கையில்லாத உள்சட்டை மாதிரி) வைத்துத் தைப்பதால் சுற்றளவு 24 அங்குலம் வேண்டும். கண் அளவில் மடித்தபோது ஒரு தடவை 27 வந்தது, பிரித்துவிட்டுச் செய்தால் 22. கடைசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை மூன்று அங்குலத்துக்கு வெட்டி, ஓர் அங்குலத்தில் கோடு போட்டுக்கொண்டேன். வெளியே தெரிவது ஒன்று, உள்ளே போவது இரண்டு. ஒரு கொசுவத்துக்கு மூன்று அங்குலம், 24 கொசுவத்துக்கு 72. இரண்டு மீட்டர் துணியில் பக்கத் தையலுக்கும் பட்டன் திறப்புக்கும் போதுமான மிச்சம் இருந்தது. குண்டூசி குத்தி இஸ்திரி போட்டு நிறுத்தியதும் கடையில் தைத்த மாதிரியே விழுந்தது.

இந்த மூன்று வாரமும் மதியம் மூன்று மணி எனக்கே எனக்கென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வர நான்கரை ஆகும். வாசல் வேம்பின் நிழல் மெஷின் பலகை மேல் விழும். அத்தை கூடத்தில் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்துக்கொண்டே, “கழுத்தை இன்னும் கொஞ்சம் ஏத்தி வெட்டும்மா, சளி பிடிக்கும்” என்று குரல் கொடுப்பார். அவர் சொன்னபடி ஏற்றியே வெட்டினேன். மஞ்சள் சட்டைக்குப் பஃப் கை. கையின் ஓரத்தில் புடவையின் மறுகரையிலிருந்து வெட்டிய ஜரிகைப் பட்டி. பெரியவன் ஹூக் வைக்கக் கற்றுக்கொண்டு நான்கில் இரண்டை அவனே தைத்தான்.

வெள்ளிக்கிழமை உடுத்திவிட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புள்ளிகள் விசிறி மாதிரி விரிந்தன. அப்புறம் இரண்டு கையையும் பக்கத்தில் தேய்த்துக்கொண்டே, “அம்மா, இதுல பாக்கெட் எங்கே?” என்றாள். அன்றைக்கு ராத்திரியே வலப்பக்கத் தையலை ஆறு அங்குலம் பிரித்து மல் துணியில் பை வைத்தேன். இப்போது அதில் ஒரு புளியங்கொட்டையும் ஒரு ரப்பரும் இருக்கின்றன.

வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா முதலில் பாவாடையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டச் சொன்னார். இரண்டு மடிப்பையும் எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டு தீபாவளிக்குத் தாங்கும்” என்றார்.

முந்தி அப்படியே முழுசாக இருக்கிறது. அத்தை தனக்கு ஒரு தலையணை உறை கேட்டிருக்கிறார். அதை இந்த வாரம் வெட்டப்போகிறேன், இழை உருவித்தான்.